ஏழாம் காத்தாடியின் அடிமண்

மூன்றாவது இடத்தில் திரையில் கோடு சட்டென்று சரிந்தபோது, சொர்ணத்தாய் முதலில் சந்தேகப்பட்டது கருவியைத்தான்.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. கம்பியை மேல எடுத்துருவோம்.”

லாரியின் பின்பக்கம் நின்று கம்பியைத் தரைக்குள் அழுத்திக்கொண்டிருந்த உச்சிமாகாளி திரும்பிப் பார்த்தார். பத்து வருஷமாக அவளோடு வேலை பார்க்கிறவர். அவள் குரல் மாறினால் அவருக்குத் தெரியும். ஏன் என்று கேட்காமல் கம்பிகளை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார்.

கம்பியின் நுனியில் ஒன்றரை அங்குலத் தடிமனில் ஒரு கூம்பு இருந்தது. சொர்ணத்தாய் அதைத் துணியால் துடைத்து, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரிசல் இல்லை. மண் அடைக்கவில்லை. எடை எதுவும் இல்லாதபோது திரையில் பூஜ்யம் காட்ட வேண்டும், காட்டியது.

“கருவியில ஒண்ணுமில்ல. ஒரு மீட்டர் தள்ளித் திரும்ப இறக்குவோம்” என்றாள்.

கோவில்பட்டியில் மண் பரிசோதனை நிலையம் ஒன்றில் பதினான்கு வருஷமாக அவள் செய்கிற வேலை இதுதான். கூம்பைத் தரைக்குள் ஒரே வேகத்தில் அழுத்த வேண்டும். அதன் மூக்கை மண் எவ்வளவு பலமாக எதிர்க்கிறது, பக்கத்தில் எவ்வளவு உரசுகிறது என்ற இரண்டும் கணினித் திரையில் இரண்டு கோடுகளாக இறங்கும். எதிர்ப்பில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக உரசல் இருந்தால் அது மணல். நூற்றுக்கு நாலு, அஞ்சு என்று ஏறினால் களி, கரிசல். மண்ணை வெளியே எடுத்துப் பார்ப்பதே கிடையாது. கோட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சொர்ணத்தாய்க்கு வயது முப்பத்தேழு. சொந்த ஊர் கழுகுமலை. அம்மா பத்திரகாளி தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிக் கட்டை அடுக்கிப் படிக்க வைத்ததில், பாலிடெக்னிக்கில் சிவில் முடித்தாள். கணவர் தூத்துக்குடியில் உப்பு லாரி ஓட்டுகிறார். அவளுடைய வேலையைப் பற்றி வீட்டில் யாரும் அதிகம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஒன்றை மட்டும் அவள் மறக்கவில்லை. புதியம்புத்தூர்ப் பக்கம் துணி அடுக்கும் குடோன் ஒன்றுக்கு நாலு இடத்தில் கூம்பு இறக்கினார்கள். ஓர் இடத்தில் மண் இளக்கமாக இருந்தது, மற்ற மூன்றும் நன்றாக இருந்தன. எல்லாவற்றையும் கூட்டி நாலால் வகுத்து அறிக்கை எழுதினாள். மறு வருஷம் மழைக்கு அந்த ஒரு மூலை மட்டும் இறங்கிச் சுவர் பிளந்தது. ஞாயிற்றுக்கிழமையானதால் உள்ளே ஆள் இல்லை. “சராசரி சரியாத்தானே இருந்துச்சு, உன் மேல குத்தமில்ல” என்றார்கள். சரிந்த சுவருக்கு அடியில் கிடந்த தையல்காரர்களின் ஸ்டூல்களை அவள் போய்ப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவள் எங்கேயும் சராசரி எழுதுவதில்லை.

இப்போது அவர்கள் இருந்தது எட்டயபுரத்துக்குக் கிழக்கே, வைப்பாற்றில் போய்ச் சேரும் ஓர் ஓடையின் கரையில். காத்தாடிக் கம்பெனி ஒன்று அங்கே எட்டுக் காற்றாலைகளை நிறுத்திக்கொண்டிருந்தது. ஆறு முடிந்துவிட்டது. ஏழாவதுக்குக் கோபுரத்தின் அடித்தளம் ஆழமாக, உறுதியாகப் போட்டாயிற்று. பிரச்சினை கிரேன் நிற்கப்போகும் இடத்தில் வந்தது. முதலில் மேற்கே நிறுத்துவதாக இருந்தார்கள். அந்தப் பக்கம் மின்கம்பி குறுக்கே போனதால், கடைசி நேரத்தில் கிழக்கே ஓடைப் பக்கம் மாற்றி, இரண்டடி உயரத்துக்குச் சரள் கொட்டி ரோலர் ஓட்டி மேடை போட்டார்கள். மேடையில் ஐந்து இடத்தில் கூம்பு இறக்கிப் பார்த்து மதியத்துக்குள் எழுதிக் கொடுக்கச் சொல்லி, காலையில்தான் நிலையத்துக்குச் சொல்லியிருந்தார்கள்.

முதல் இரண்டு இடங்களிலும் குறை இல்லை. சரளைத் துளைத்து எடுத்துவிட்டுக் கூம்பை இறக்கியதும் கரிசல், அதற்கும் கீழே மணல். மணலில் எதிர்ப்பு மெகாபாஸ்கல் கணக்கில் எட்டு, பதினொன்று, ஒன்பது, பதினைந்து என்று ஏறியும் இறங்கியும் போனது. வெள்ளத்துக்கு வெள்ளம் ஓடை கொண்டுவந்து போட்ட மணல் அப்படித்தான் இருக்கும். ஒரு வருஷம் பருமணல், ஒரு வருஷம் வண்டல்.

மூன்றாவதில் கரிசல் முடிந்ததும் எதிர்ப்பு இரண்டுக்கு விழுந்தது. ஒரு மீட்டர் தள்ளி இறக்கியபோதும் அதே இரண்டு. உரசல் குறைவுதான், மணல்தான். ஆனால் மூன்று மீட்டர், நாலு மீட்டர், ஐந்து மீட்டர் என்று கோடு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல நேராக இறங்கியது. ஆறு மீட்டரில் திடீரென்று பதினான்குக்குத் தாவியது.

உச்சிமாகாளி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். “இது என்னம்மா, இப்படி நட்டமா நிக்கி?”

“ஓடை போட்ட மண்ணு இப்படி இருக்காது அண்ணாச்சி” என்றாள் மெதுவாக. “ஆள் போட்ட மண்ணு மாதிரி இருக்கு.”

நான்காவது இடத்திலும் அதே கோடு. அங்கேயும் ஆறு மீட்டரில் தாவல். ஐந்தாவது, தென்மேற்கு மூலையில், மறுபடி நல்ல மண்.

மணி பத்தே முக்கால். எழுநூறு மீட்டர் தூரத்தில் ஆறாம் காத்தாடிக்குப் பக்கத்தில் கிரேன் நின்றது. இரும்புப் பட்டைகளில் ஊர்ந்து வருகிற வகை, எடைக்கட்டைகளோடு ஐந்நூறு டன். மறுநாள் காலை காற்று குறைவாக இருக்கும் என்பதால், இன்று மதியமே அதைக் கொண்டுவந்து மேடையில் நிறுத்தத் திட்டம்.

சொர்ணத்தாய் முதலாளி மணிகண்டபிரபுவுக்குப் போன் போட்டாள். மூடிய பள்ளம்போல இருக்கிறது என்று அவள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார்.

“அஞ்சுக்கும் சராசரி என்ன வருது?”

“ஏழு வருது சார்.”

“அவங்க கேட்டது ஆறு. ஏழுன்னே எழுதிக் குடுத்துரு.”

“கிரேன் சராசரி மேல நிக்காது சார். அதோட கிழக்குப் பட்டை இந்த ரெண்டு மோசமான இடத்து மேலதான் நிக்கும்.”

“சொர்ணம், மேல சரள் இருக்கு, கரிசல் இருக்கு. மார்ச் மாசத்துல கரிசல் கல்லு மாதிரி கிடக்கு. அது தாங்கும்.”

“சாதாரண வண்டியைத் தாங்கும். இது ஐந்நூறு டன்னு. கரிசலை உடைச்சிட்டு உள்ள இறங்கிரும் சார்.”

அவர் பெருமூச்சு விட்டார். “இடத்துல இருக்கவ நீ. ஆனா பள்ளம்னு எழுதினா அதுக்கு ஆதாரம் வேணும். இல்லைன்னா அந்தக் கம்பெனி நம்மளத் திரும்பக் கூப்பிடாது.”

அதுதான் அவளுக்கும் பயம். மண் இளக்கம் என்று கோடு சொன்னது. அது நிரப்பிய பள்ளம் என்பது அவளுடைய ஊகம். ஓடை ஒதுங்கிய ஏதோ ஒரு வளைவில் இயற்கையாகவே பொடிமணல் தேங்கியிருக்கலாமோ? அப்படியென்றால் இவ்வளவு சமமாகவா? இரண்டு இடத்திலும் ஒரே ஆழத்திலா?

நிலத்துக்காரர் நல்லக்கண்ணு வேலி ஓரத்தில் குடையோடு உட்கார்ந்திருந்தார். அறுபது தாண்டியவர். காத்தாடிக்கு நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர். அவருடைய மருமகன் சோலைராஜுக்குக் கிரேன் முன்னால் கொடி காட்டும் வேலையை அந்தக் குத்தகையோடு சேர்த்தே கேட்டு வாங்கியிருந்தார்.

சொர்ணத்தாய் அவரிடம் போனாள். “அய்யா, இங்கன எப்பவாவது மணல் அள்ளியிருக்கா?”

“மணலா?” அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. “எங்க அப்பன் காலத்துல இருந்து இது கரிசக்காடு தாயி. பருத்தி போடுவோம், உளுந்து போடுவோம். மணலுக்கு நாங்க எங்க போக?”

“பள்ளம் கிள்ளம் இருந்து மூடியிருக்கா?”

“இல்லேன்னா இல்லதான். பொம்பளப்பிள்ள, கருவியை வச்சிக்கிட்டு நிலத்துக்காரனையே கேட்டா எப்படி?”

அவர் எழுந்து குடையை மடக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்.

சொர்ணத்தாய் திரும்பி வரும்போது, காத்தாடி நிறுத்தும் வேலைக்குப் பொறுப்பாளரான மாயகிருஷ்ணன் ஜீப்பில் வந்து இறங்கினார். நாற்பது வயதிருக்கும். மூன்று நாளாகத் தூங்காத கண்கள்.

“என்ன மேடம், முடிஞ்சுதா? பேப்பர் குடுங்க.”

அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். “மேடையோட கிழக்குப் பாதி சரியில்ல சார். ஆறு மீட்டர் ஆழம் வரைக்கும் இளக்கமான மணல். கிரேனை ஏத்தாதீங்க.”

“நல்லாத்தானே இருக்கு? ரோலர் ஓட்டுனோம், ஒரு அங்குலம் இறங்கல.”

“ரோலருக்கு மேல்மண்ணு மட்டுந்தான் தெரியும். கிரேனோட பாரம் ஆழத்துக்குப் போகும்.”

“அப்ப இயற்கையான மண்ணா, பள்ளமா? ஒண்ணு சொல்லுங்க. நான் மேலிடத்துக்கு என்னன்னு சொல்லட்டும்?”

“பள்ளம்னுதான் நினைக்கேன். இன்னும் நாலு இடத்துல இறக்கினா ஓரம் எதுன்னு சொல்லிருவேன். மூணு மணி நேரம் குடுங்க.”

மாயகிருஷ்ணன் வானத்தைப் பார்த்தார். “நாளைய விட்டா அடுத்த நல்ல காலை எப்ப வரும்னு தெரியாது. காத்துக் காலம் பிறந்துட்டா ஒரு மாசம் போயிரும். நினைக்கேன்னு சொன்னதுக்கெல்லாம் என்னால நிறுத்த முடியாது. நீங்க எழுதுங்க, அதுக்குள்ள கிரேன் வந்து சேரட்டும்.”

வாக்கி-டாக்கியில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். சிறிது நேரத்தில் தூரத்தில் எஞ்சின் உறுமியது. இரும்புப் பட்டைகள் நசநசவென்று சரளை நொறுக்கும் சத்தம் காட்டைத் தாண்டி வந்தது.

சொர்ணத்தாய் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். ஓடிப் போய்க் கிரேன் முன்னால் நிற்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. நின்றால் இரண்டு பேர் வந்து கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போவார்கள், அவ்வளவுதான். லாரியைப் பார்த்தாள். கூம்பை அழுத்தும்போது லாரி மேலே தூக்கிவிடாமல் இருக்க, இரண்டு பக்கமும் தரைக்குள் ஆள் உயரத் திருகாணிகளை முறுக்கி இறக்குவார்கள். இறக்கியதைக் கழற்ற அரை மணி நேரம் ஆகும்.

“அண்ணாச்சி, ஆறாவது இடம் போடணும்.”

“எங்கம்மா?”

அவள் கை நீட்டினாள். கிரேன் மேடையில் ஏறுகிற வாய், கிழக்கு விளிம்பு.

உச்சிமாகாளி அவள் முகத்தையும் வருகிற கிரேனையும் பார்த்தார். “வழியை அடைச்சிரும்லா?”

“ஆமா.”

“முதலாளி?”

“எங்கிட்ட கேக்கட்டும்.”

உச்சிமாகாளி ஏறி உட்கார்ந்தார். லாரியை எடுத்துக் குறுக்கே நிறுத்தினார். திருகாணிகள் இறங்கத் தொடங்கின. முதலிரண்டும் சரளையும் கரிசலையும் தாண்டியதும் பிடிமானமே இல்லாமல் சுலபமாகச் சுற்றின. உச்சிமாகாளி, “ஏலே, வெண்ணெயில போன மாதிரில்லா போகுது” என்று முணுமுணுத்தார். கூடுதலாக இரண்டு திருகாணிகளை இறக்க வேண்டியிருந்தது.

கூம்பு மூன்று மீட்டர் போனபோது கிரேன் இருநூறு மீட்டரில் இருந்தது. எதிர்ப்பு இரண்டு. நாலு மீட்டர், இரண்டு. கிரேன் முன்னால் பச்சைக் கொடியோடு சோலைராஜ் பின்பக்கமாக நடந்து வந்தான். மேடை வாயில் குறுக்கே லாரி நிற்பதைத் திரும்பிப் பார்த்ததும் சிவப்புக் கொடியைத் தூக்கினான். பட்டைகள் நின்றன. அறுபது மீட்டர்கூட இல்லை.

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தது.

“லாரியை எடுங்க மேடம்!”

“கம்பி அஞ்சு மீட்டர் உள்ள இருக்கு சார். ஆணி எல்லாம் இறக்கியாச்சு. அரை மணி நேரமாகும்.”

“வேணும்னே பண்ணுதீங்க.”

“ஆமா சார், வேணும்னேதான் பண்ணுதேன்.” அவள் மேடையின் கிழக்கு விளிம்பைக் காட்டினாள். “நாளைக்குக் காத்தாடி உச்சியில வைக்கிற எழுபது டன் ஜெனரேட்டர் பெட்டியை முந்நூத்தம்பது அடிக்கு மேல தூக்கிக்கிட்டு நிக்கும்போது கிழக்குப் பட்டை இறங்குச்சுன்னா, நீங்களும் நானும் பேப்பரை வச்சிக்கிட்டு என்ன செய்ய? கிரேன் ஓடைப் பக்கம்தான் சாயும். கயிறு பிடிக்கவங்க, கொடி காட்டுறவங்க எல்லாம் அங்கனதான் நிப்பாங்க.”

சத்தம் கேட்டு நல்லக்கண்ணு வேலியைத் தாண்டி வந்திருந்தார். மருமகன் நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சோலைராஜ் ஓடைப் பக்கம் விளிம்பில் நின்று கொடியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

திரையில் கோடு தாவியது. “ஆறு மீட்டர்” என்றார் உச்சிமாகாளி.

சொர்ணத்தாய் மாயகிருஷ்ணனுக்குத் திரையைக் காட்டினாள். “மூணு இடத்துலயும் ஒரே ஆழம் சார். ஓடைக்கு அடிமட்டம் இப்படி ஒரே அளவா இருக்காது. ஆறு மீட்டர், இருபது அடி. யாரோ இருபது அடி தோண்டி மூடியிருக்காங்க.”

“பதினெட்டு” என்றார் நல்லக்கண்ணு.

எல்லோரும் திரும்பினார்கள். அவருக்கே தான் பேசியது அப்போதுதான் தெரிந்ததுபோல் இருந்தது.

சொர்ணத்தாய் கணக்குப் போட்டாள். மேலே கொட்டிய சரள் இரண்டடி. மிச்சம் பதினெட்டு.

“அய்யா,” என்றாள், “எவ்வளவு நீளம்?”

அவர் குடையைத் தரையில் ஊன்றினார். பிறகு அவளைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னார். “ஓடையை ஒட்டி நெடுக. பதினோரு வருசம் ஆச்சு. கரிசலை ஒதுக்கிட்டு அடியில கிடந்த பருமணலை அள்ளிட்டுப் போனாவ. சலிச்சுப் போட்ட பொடிமணலைத் திரும்ப உள்ள தள்ளி, மேல நாலடி கரிசலை மூடிட்டோம். ஆபீசருங்க வந்தா தெரியக் கூடாதுன்னு அந்த வருசமே உளுந்து விதைச்சேன்.” சோலைராஜ் பக்கம் திரும்பிக் கத்தினார். “ஏலே, அங்கன நிக்காத! இங்கிட்டு வா!”

மாயகிருஷ்ணன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். நம்புவதா வேண்டாமா என்று முகம் தடுமாறியது. பிறகு பக்கத்தில் வேலை பார்த்த ஜேசிபியைக் கூப்பிட்டு, மேடைக்கு வெளியே கிழக்கு ஓரத்தில் ஒரு குழி தோண்டச் சொன்னார்.

நாலடி வரைக்கும் கரிசல் செங்குத்தாக நின்றது. அதற்குக் கீழே வாளி இறங்கியதும் பொடிமணல் நாலா பக்கமிருந்தும் குழிக்குள் வழிந்தது. எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது. எட்டாவது அடியில் மட்கிய சாக்கும் ஒரு மணல் சல்லடையின் கிழிந்த கம்பி வலையும் வாளியில் மாட்டின. அடுத்த வாளிக்குக் குழியின் கரிசல் கரை, ஒரு கட்டிலளவு பாளமாக, தானே உடைந்து உள்ளே விழுந்தது. ஜேசிபி ஓட்டுநர் பதறிப் பின்னுக்கு எடுத்தார்.

மாயகிருஷ்ணன் வாக்கி-டாக்கியை எடுத்தார். “கிரேனைத் திருப்புங்க. ஆறாம் நம்பருக்கே போகட்டும்.”

பட்டைகள் திரும்பி நகர ஆரம்பித்த பிறகுதான் சொர்ணத்தாய் லாரியின் படியில் உட்கார்ந்தாள். உச்சிமாகாளி தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். பாதிக்கு மேல் சேலையில் சிந்தியது.

அன்று சாயங்காலம் மணிகண்டபிரபு நிலையத்தில் அவளை நிற்க வைத்து அரை மணி நேரம் திட்டினார். வண்டியைக் குறுக்கே போட உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். குழியின் படங்கள் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து நன்றி சொல்லி மடல் வந்த பிறகு, நம்ம நிலையம்தான் கண்டுபிடித்தது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் பெயரைச் சொல்லவில்லை. அது அவளுக்கு வலித்தது. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

நல்லக்கண்ணுவுக்கு வருவாய்த்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தது. விசாரணை இன்னும் நடக்கிறது. ஒருநாள் எட்டயபுரம் பஸ் ஸ்டாண்டில் சொர்ணத்தாய் அவரை எதிரே பார்த்தாள். “நல்லா இருக்கீங்களா அய்யா?” என்றாள். அவர் பஸ்ஸில் ஏறி, அந்தப் பக்க ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். அவர் வாயைத் திறந்திராவிட்டால் தான் என்ன செய்திருப்போம் என்று அவள் பலமுறை யோசித்திருக்கிறாள். அரை மணி நேரம் முடிந்ததும் லாரியை எடுத்திருக்கத்தான் வேண்டும்.

கிரேன் நிற்க, கோபுரத்துக்கு மேற்கே புது மேடை போட்டார்கள். தூக்குகிற நேரத்தில் மின்கம்பியில் மின்சாரத்தை நிறுத்த அனுமதி கிடைக்கப் பன்னிரண்டு நாளானது. அந்த மேடையில் எட்டு இடத்தில் கூம்பு இறக்கச் சொல்லி மாயகிருஷ்ணன் நேராக அவளுக்கே போன் செய்தார். எட்டிலும் மோசமானது எதுவோ அதையே அவள் முதல் வரியில் எழுதினாள். அதுவும் ஒன்பது.

பதின்மூன்றாம் நாள் விடிந்ததும் கூப்பிடாமலே போனாள். வேலிக்கு உள்ளே போகவில்லை. ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். வெள்ளைப் பெட்டி தரையை விட்டு எழும்பியது. அவள் பெட்டியைப் பார்க்கவில்லை, கிரேனின் பட்டைகளையே பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கும் மேலானது. கோபுரத்தின் உச்சியில் பெட்டி உட்கார்ந்தது. ஆட்கள் சிறு புள்ளிகளாக அதன் மேல் நடமாடினார்கள். கடைசியில் கொக்கி கழன்று வெறுமனே ஆடியது. பட்டைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.

போன் அடித்தது. உச்சிமாகாளி.

“எங்கம்மா இருக்கே? கயத்தாறு போணும்லா, லாரி கிளம்பி நிக்கி.”

“வந்துட்டேன் அண்ணாச்சி” என்றாள். “கழுகுமலை விலக்குல ஏத்திக்கிடுங்க.”